மாணவர் நாவும் சட்டத்தின் சொல்லும்

சட்டமும் ஒரு நூலே. சூத்திரத்துக்கு உரை காண்போர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்ப்பதுபோலச் சட்டத்தின் சொற்களையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். மலேசியப் பல்கலைக் கழக மாணவரின் நாவைப் பல்லாண்டு கட்டிவைத்த ஒரு சொற்றொடரை ஈண்டு ஆராய்வோம்.

பல்கலைக் கழகங்கள், பல்கலைக் கழகக் கல்லூரிகள் சட்டம் 1971ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. 1974ஆம் ஆண்டின் இறுதியில் இரப்பர் விலை வீழ்ச்சியால் பாலிங் வட்டாரச் சிறுதோட்டக்காரர் துன்புற்றனர். அவர்கள் பொருட்டு மாணவர் கோலாலம்பூரில் திரண்டனர். ஆயிரவர்க்கு மேற்பட்டோர் கைதாயினர். மறு ஆண்டே சட்டம் மேலும் இறுக்கப்பெற்றது.

இச்சட்டத்தின் 15ஆம் பிரிவு, மாணவர் கட்சியிற் சேர்வதைத் தடுத்ததோடு அமையவில்லை. ஓர் அரசியற் கட்சிக்கு ஆதரவு, அனுதாபம், எதிர்ப்பு ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிவிப்பதாக ‘நியாயமாகப் பொருள் கொள்ளத்தக்க’ எதனையும் மாணவர் சொல்லவோ செய்யவோ கூடாதென்றது. இத்தொடரை உற்று நோக்குக. சொன்னவர் கருதியது யாது என்பது இங்கே வினாவன்று. கேட்டவர் என்ன பொருள் கொள்ளக்கூடும் என்பதே வினா. நாவு மாணவருடையது, பொருள் பிறர் கையது. ஆதரவு, எதிர்ப்பு என்னும் இரண்டோடு அனுதாபமும் சேர்ந்தமையால் நடுநின்று ஆராய்வோர்க்கும் இடம் குறுகியது. இந்நிலையில் அஞ்சிய மாணவர்க்கு எஞ்சிய வழி வாய்மூடி இருத்தலே. தண்டனை பெற்றோரை எண்ணி இவ்விதியின் வலிமையை அளத்தல் இயலாது. பேசப்படாத பேச்சு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

2010ஆம் ஆண்டு ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் நடைபெற்றது. பிரசாரத்தின்போது அங்கிருந்தமைக்காக மலேசியத் தேசியப் பல்கலைக் கழக மாணவர் நால்வர்மீது இவ்விதியின்கீழ் ஒழுங்கு நடவடிக்கை தொடங்கியது. அவர்கள் பயின்ற பாடமோ அரசியல்! நால்வரும் நீதிமன்றத்தை நாடினர். உயர்நீதி மன்றம் அவர்கள் வழக்கை ஏற்கவில்லை. ஆயினும், 2011 அக்டோபர் 31ஆம் நாள் மேன்முறையீட்டு நீதிமன்றம், மூவருள் இருவர் தீர்ப்பால், அவ்விதி கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆம் பிரிவு வழங்கும் பேச்சுரிமைக்கு முரணானது எனக் கண்டது. கட்சிகள் சட்டத்துக்கு உட்பட்டவையாயிருக்க, அவற்றை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் பொது ஒழுங்கை எங்ஙனம் கெடுக்கும் என்று வினவினார் நீதிபதி இசாமுடின் யூனுஸ். பல்கலைக் கழகம் சிந்தனையாளரை வளர்க்க வேண்டுமேயன்றி எந்திர மனிதரை ஆக்கலாகாது என்பதும் அவர் கருத்து.

2012ஆம் ஆண்டுத் திருத்தம் மாணவர் கட்சியிற் சேர இடமளித்தது. எனினும் வளாகத்துள் கட்சிப் பணியைத் தடுத்தது. அத்தடையும் 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் ஏற்ற திருத்தத்தால் நீங்கிற்று. சட்டமோ இன்னும் உளது.

அரசியல் புகுந்தால் கல்வி கெடும் என்பாரும் உளர். அவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. வகுப்பைக் குலைப்போரையும் வன்முறை புரிவோரையும் தடுக்க விதி வேண்டுவதே. ஆனால் செயலைத் தடுப்பது வேறு. சொல்லுக்குப் பிறர் கொள்ளும் பொருளைக் குற்றமாக்குவது வேறு. முன்னது காவல், பின்னது பூட்டு.

2021 டிசம்பர் 15ஆம் நாள் முதல் மலேசியாவில் 18 வயதினர் வாக்களிக்கும் உரிமை பெற்றுள்ளனர். முதலாண்டு மாணவரும் இன்று வாக்காளரே. சொற்போரில் மாணவரை மேடையேற்றி, ‘உன் கருத்தைச் சொல், காரணத்தோடு சொல்’ என்று பழக்கும் தமிழாசிரியர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பள்ளியில் நாம் திறந்த நாவு பல்கலைக் கழகத்தில் மூடிக்கொள்ளுமாயின், நாம் கற்பித்தது மொழியன்று, வெறும் எழுத்தே.