பார்த்தவரும் சாட்சியே: திரைப்பட விழாக்களும் சேதுக் கடற்கரையும்

இக்கால அரபியில் திரைப்பட விழாவை ‘மிஹ்ரஜான்’ என்பர். பாரசீகரின் இலையுதிர்காலத் திருநாளாகிய ‘மிஹ்ரகான்’ என்பதே அரபியில் இவ்வாறு திரிந்து, இன்று எவ்வகை விழாவையும் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. அங்கு அமர்ந்து படம் காண்பவருக்கு ‘முஷாஹித்’ என்று பெயர். சாட்சி கூறுபவரைக் குறிக்கும் ‘ஷாஹித்’ என்னும் சொல்லும் இதே வேரினின்று பிறந்ததே. நேரில் இருந்து காண்டல் என்பது அவ்வேரின் அடிப்படைப் பொருள். கொண்டாட்டத்தைச் சுட்டும் சொல்லைவிடச் சாட்சியத்தைச் சுட்டும் சொல்லே சுயாதீனத் திரைப்பட விழாவின் இயல்புக்கு நெருக்கமானது. இதனை விளக்க நம் இராமநாதபுரம் கடற்கரையே தக்க சான்று.

செங்கடல் கண்ட வழக்கு

லீனா மணிமேகலை இயக்கிய ‘செங்கடல்’ அரபுலகின் செங்கடலைப் பற்றியதன்று. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியைக் களமாகக் கொண்டு, தமிழக மீனவர்களும் இலங்கை அகதிகளும் படும் துயரைப் பேசும் படம் அது. அம்மீனவர்களும் அகதிகளுமே அதில் நடித்தனர். திரைக்கதையில் பங்கேற்று நடித்தவர் ஈழ எழுத்தாளர் ஷோபாசக்தி. பின்னாளில் 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’ என்னும் பிரெஞ்சுப் படத்தின் தலைமைப் பாத்திரம் அவரே.

‘செங்கடலு’க்குச் சென்னைத் தணிக்கை அலுவலகம் சான்றிதழ் மறுத்தது. இந்திய, இலங்கை அரசுகளைக் குறைகூறும் வசனங்களும் மீனவர் வாய்மொழியில் வரும் கடுஞ்சொற்களும் காரணங்களாகக் காட்டப்பட்டன. இயக்குநர் மேல்முறையீடு செய்தார். 2011இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வெட்டு ஏதுமின்றி, வயது வந்தோருக்கான ‘ஏ’ சான்றிதழ் வழங்க வழிசெய்தது. அத்தீர்ப்பாயமே 2021இல் கலைக்கப்பட்டுவிட்டது. இன்று சான்றிதழ் மறுக்கப்படுபவர் உயர்நீதிமன்றத்தையே நாட வேண்டும். அதற்கான செலவும் காலமும் சிறு படைப்பாளியால் எளிதில் தாங்கக்கூடியவை அல்ல.

சட்டம் திறந்து வைத்த வாயில்

1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி, பொதுமக்களுக்குத் திரையிடப்படும் படம் எதுவாயினும் அதற்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். எனினும் விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு மத்திய அரசுக்குத் தருகிறது. வணிக நோக்கற்ற விழாக்கள் இவ்விலக்கை வேண்டிப் பெறுகின்றன. படம், பெயர் பதிந்த பிரதிநிதிகளுக்கு மட்டுமே காட்டப்படும் என்பது இதன் நிபந்தனை. விழாவுக்குச் செல்வோர் முன்கூட்டியே பதிவு செய்து அடையாள அட்டை பெற வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

விலக்கு தருவது அரசின் கையில் இருப்பதால் அதை மறுப்பதும் அரசுக்கு இயலும். 2017இல் திருவனந்தபுரம் ஆவணப்பட, குறும்பட விழாவில் மூன்று படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டு அது பெரும் விவாதமாயிற்று. அதற்கு முன்பே, 2004ஆம் ஆண்டு மும்பை விழாவுக்கு வரும் இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயம் என்ற விதி அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டுப் படங்களுக்கு அவ்விதி இல்லை. படைப்பாளிகள் திரண்டு எதிர்க்கவே விதி கைவிடப்பட்டது. ஆயினும் அரசை விமர்சித்த பல படங்கள் தேர்வில் விடுபட்டன. விடுபட்டோர் ஒன்றுகூடி அதே நகரில், அதே நாட்களில் ‘விகல்ப்’ என்னும் மாற்று விழாவை நடத்தினர். விகல்ப் என்றால் மாற்று என்று பொருள்.

விண்ணப்பமும் தேர்வும்

விழாவுக்குப் படம் அனுப்பும் முறை பலரும் அஞ்சுமளவு கடினமானதன்று. விண்ணப்பப் படிவம், கதைச்சுருக்கம், இயக்குநர் குறிப்பு, சில நிழற்படங்கள், முன்னோட்டப் பிரதி ஆகியவை வேண்டும். முன்பு குறுந்தகடுகள் அஞ்சலில் சென்றன. இன்று இணைய இணைப்பும் கடவுச்சொல்லும் போதும். முதலில் தேர்வுக்குழு பார்க்கும். அதில் தேறிய போட்டிப் படங்களை நடுவர் குழு மதிப்பிடும். தம் அரங்கிலேயே படம் முதன்முதலாகக் காட்டப்பட வேண்டும் என்று சில பெருவிழாக்கள் எதிர்பார்க்கும். ஆகவே படத்தை இணையத்தில் அவசரப்பட்டு வெளியிடுவது வாயிலை நாமே அடைப்பதாகும். மாதந்தோறும் விருது அறிவித்து, அரங்கும் பார்வையாளரும் இன்றிக் கட்டணம் மட்டும் பெறும் போலி விழாக்களும் உண்டு. ஒரு விழா எங்கே திரையிடுகிறது, யார் நடுவர் என்று வினவிய பின்னரே பணம் கட்டுதல் நன்று.

மிகுந்த கவனம் வேண்டுவது துணைத்தலைப்பு. வாடை, சோளகம் என்று காற்றுக்குப் பெயரிட்டுப் பேசும் நம் கடலோர வழக்கையும், வாப்பா, உம்மா என்று விளிக்கும் நம் வீட்டுமொழியையும் பிறமொழியில் தருவது எளிதன்று. அரபு எழுத்தில் தமிழை எழுதி அரபுத்தமிழ் நூல்கள் படைத்த சமூகம் நாம். மொழி விட்டு மொழி கடத்தும் கலை நமக்குப் புதியதன்று.

அருகில் உள்ள விழாக்களும் பல. அமுதன் ஆர்.பி. முன்னின்று நடத்தும் மதுரை ஆவணப்பட, குறும்பட விழா 1998இல் தொடங்கியது. சென்னை சர்வதேசத் திரைப்பட விழா 2003 முதல் நடைபெற்று வருகிறது. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் 2015இல் ஒரு சர்வதேசத் திரைப்பட விழா தோன்றியது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டரே. எல்லை தாண்டியதாகப் படகுகள் பிடிபடும் அக்கடலைப் படங்கள் தடையின்றிக் கடக்க முடிகிறது.

முகம் என்னும் அமானிதம்

படம் எடுப்பவரிடம் தம் முகத்தையும் சொல்லையும் ஒப்படைப்பவர் ஓர் அமானிதத்தை ஒப்படைக்கிறார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அத்தீவுகளருகே பாசி எடுக்கும் பெண்களின் தொழில் அதனால் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கடல் அட்டை பிடித்தல் 2001 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. பாசி எடுக்கும் பெண்ணின் முகமும், அட்டை பிடித்ததாகச் சொல்லும் மீனவரின் பேச்சும் விழா அரங்கில் கலையாகலாம். வழக்கு மன்றத்தில் அவையே அவர்களுக்கு எதிரான சான்றாகவும் ஆகலாம். மண்டபம் முகாமின் அகதி பேசுவது, கடலுக்கு அப்பால் வாழும் அவருடைய உறவினரைப் பாதிக்கலாம். ஆதலால், படம் எங்கெல்லாம் செல்லும், யார் யார் பார்ப்பர் என்பதை விளக்கிச் சொல்லிப் பெறும் சம்மதமே சம்மதம். வெறும் தலையசைப்பு போதாது. முகத்தை மறைத்தும் குரலை மாற்றியும் உண்மையைச் சொல்ல வழி உண்டு.

அமானிதம் உரியவரிடம் திரும்ப வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. மும்பையிலும் வெளிநாடுகளிலும் ஓடிய படத்தை அதில் வாழ்ந்து காட்டியவர்கள் காணவில்லையெனில் அக்கடமை பாதியே நிறைவேறியது. பாம்பனிலோ வேதாளையிலோ தொண்டியிலோ ஒரு வெண்திரை, ஒரு ஒளிப்படக் கருவி, ஒரு மாலை நேரம் கிடைத்தால் போதும். படத்தில் பேசியவர் எழுந்து, ‘இது சரி, இது தவறு’ என்று கூறும் வாய்ப்பு அங்கேதான் உண்டு. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எதிர்த்தரப்புக்கு வாய்ப்பளிக்காமல் நீதிமன்றம் பொதுவாக அவர் கூற்றை ஏற்பதில்லை. நம் கடற்கரையைப் பற்றி உலகுக்குச் சாட்சி சொல்லும் படங்களை அக்கடற்கரை மக்களே விசாரித்து ஏற்கும் நாள் வர வேண்டும். அதற்கான அரங்கை அமைப்பது இக்கடற்கரையின் கற்றோர் செய்யக்கூடிய பணி.