உறைபனியில் காத்திருக்கும் வேடனின் காலணி

வெப்ப நாட்டினர்க்குக் காலணி என்பது கல்லும் முள்ளும் உறுத்தாமல் காக்கும் பொருள். ‘தொடுதோல்’ என்னும் பழந்தமிழ்ச் சொல்லும் காலிற் பூணும் தோலையே குறிக்கும். அது இல்லாவிடினும் இங்கு ஒருவன் வாழ்ந்துவிடலாம். கடல்நீரே கல்போல் உறையும் நாடுகளில் நிலைமை வேறு. அங்கே காலணி கெட்டால் கால் கெடும். கால் கெட்டால் வேட்டை இல்லை. வேட்டை இல்லையேல் வீட்டில் உணவும் இல்லை. அந்நாட்டு மக்கள் தம் காலணியை அமைத்துக்கொண்ட முறையை ஆராய்ந்தால், வெப்பத்தைப் பற்றிய பௌதிக உண்மைகள் சிலவும் தெளிவாக விளங்கும்.

துளை காக்கும் வேடன்

வட கனடாவின் கடற்கரைகளிலும் தீவுகளிலும் வாழும் மக்கள் இனூயிட் எனப்படுவர். முன்னாளில் பிறர் இவர்களை எஸ்கிமோவர் என்றழைத்தனர். இவர்களுள் ஒரு பிரிவினராகிய நெட்சிலிக் மக்கள், சீல் எனப்படும் கடல்நாயை வேட்டையாடுவதில் பெயர் பெற்றவர்கள். அவர்தம் பெயரே கடல்நாயை அடியாகக் கொண்டு பிறந்ததாகும். டேனிய ஆராய்ச்சியாளர் நுட் ராஸ்முசன், 1921 முதல் 1924 வரை நடந்த ஐந்தாம் தூலே ஆராய்ச்சிப் பயணத்தின்போது இவர்களிடையே தங்கி, இவர்தம் வாழ்க்கை முறைகளை விரிவாக எழுதி வைத்தார்.

கடல்நாய் நீரில் வாழ்வதாயினும் நுரையீரலால் மூச்சுவிடும் விலங்கு. குளிர்காலத்தில் கடலின் மேற்பரப்பு உறையத் தொடங்கும்போது, அது தன் நகங்களால் பனிக்கட்டியைச் சுரண்டிச் சுரண்டிச் சில துளைகளை மூடாமல் வைத்துக்கொள்கிறது. பனிக்கட்டி ஓராள் உயரத்துக்குத் தடித்துவிட்ட பின்னும் அத்துளைகள் நிலைத்திருக்கும். மேலே வெண்பனி படிந்து மறைத்துவிடுவதால் கண்ணுக்குப் புலப்படா. நாய்கள் மோப்பத்தால் அவற்றைக் கண்டுகொள்ளும். பிறகு வேடன் ஒரு மெல்லிய குச்சியையோ அன்னத்தின் மென்தூவியையோ துளையில் அமைப்பான். கடல்நாய் மூச்சுவிட மேலே வரும்போது அது மெல்ல அசையும். அசைந்த அந்தக் கணத்திலேயே எறியீட்டியைப் பாய்ச்ச வேண்டும்.

கடல்நாய் எப்போது வரும் என்று எவரும் சொல்ல முடியாது. அதற்குப் பல துளைகள் உண்டு. எந்தத் துளையை நாடும் என்பதும் தெரியாது. ஆகையால் பல வேடர் ஆளுக்கொரு துளையாகக் காவல் நிற்பர். குளிர் சுழிக்குக் கீழ் 30, 40 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கியிருக்கும். அக்குளிரில் மணிக்கணக்காகக் குனிந்து நிற்பதும், வெண்பனிக் கட்டியை இருக்கையாக்கி அமர்ந்திருப்பதும் வழக்கம். குளிர் தாக்கும்போது எவனும் காலை உதறுவான்; தரையில் தட்டுவான்; நடந்து சூடேற்றிக்கொள்வான். இவ்வேடனுக்கோ அந்த உரிமை இல்லை. பனிக்கட்டியின்மேல் எழும் சிற்றோசையும் நீருக்குள் கேட்கும். ஒருவன் காலைத் தட்டினால் அவன் வேட்டை மட்டுமன்றி, அருகில் நிற்போர் வேட்டையும் கெடும். எனவே அவன் காலைக் காக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் காலணியைச் சார்ந்தது.

அசையாத கால் குளிர்வது ஏன்?

மனித உடல் ஓர் அடுப்புப் போன்றது. ஓய்ந்திருக்கும் வளர்ந்த மனிதன் ஏறத்தாழ 100 வாட் அளவு வெப்பத்தை வெளிவிடுகிறான். பழைய குமிழ் விளக்கு ஒன்று வெளிவிடும் வெப்பத்துக்கு இது நிகர். விரைந்து நடக்கும்போது இது மூன்று நான்கு மடங்காகும். ஆகவே நடப்பவனுக்குப் போதுமான காலணி, அமர்ந்திருப்பவனுக்குப் போதாது. மேலும், உடல் குளிரும்போது நெஞ்சும் வயிறும் முதலில் காக்கப்படுகின்றன. கை கால்களுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. பாதத்தில் வெப்பம் உண்டாக்கும் தசையும் மிகக் குறைவு. எனவே வெளியில் தெரியும் முதற்சேதம் பெரும்பாலும் கால்விரல்களில் நிகழ்கிறது.

காலணி எதுவும் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உள்ள வெப்பம் வெளியேறாமல் தடுப்பதே அதன் வேலை. ஐஸ் வணிகர் கட்டியை மரத்தூளிற் புதைத்துச் சாக்கினால் மூடி வைத்த முறையை முதியோர் அறிவர். மரத்தூள் ஐஸைக் குளிரச் செய்வதில்லை. தூள்களுக்கிடையே அசையாது நிற்கும் காற்று, வெளிவெப்பம் உள்ளே புகாமல் தடுக்கிறது. அதே காற்றுத்தான் காலணிக்குள் இருந்து உள்வெப்பம் வெளியே போகாமல் தடுக்கிறது. இக்காற்றுக்குப் பகைவர் மூவர். காலை நெருக்கும் இறுக்கம் காற்றைப் பிதுக்கி வெளியேற்றும். ஈரம் காற்று நின்ற இடத்தைக் கைப்பற்றும்; நீர் காற்றைப்போல் இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தவல்லது. மூன்றாவது, காலின் கீழுள்ள தரை. உடலின் பாரம் அடிப்பகுதியை நசுக்குவதால், வெப்பம் அவ்வழியே ஓயாமல் இறங்கிக்கொண்டிருக்கும்.

ஊசியின் திறமை

இம்மூன்று பகைவரையும் இனூயிட் பெண்கள் தம் தையலால் வென்றனர். அவர்கள் தைத்த காலணிக்குக் ‘கமிக்’ என்று பெயர். கடுங்குளிருக்குரிய கமிக் ஒற்றைத் தோலால் ஆனதன்று. கேரிபூ என்னும் வடநாட்டு மானின் தோலால், மயிர் உட்புறமாக அமைந்த காலுறை முதலில். அதன்மேல் மயிர் வெளிப்புறமாக அமைந்த காலணி. கேரிபூவின் மயிர் ஒவ்வொன்றினுள்ளும் காற்று நிறைந்த நுண்ணறைகள் உள்ளன. ஆகவே மயிருக்கிடையிலும் காற்று, மயிருக்குள்ளும் காற்று. காலணி தளர்வாகவே தைக்கப்பட்டது. துளையருகில் நிற்கும் வேடன் தன் காலடியில் ஒரு துண்டு மயிர்த்தோலையும் விரித்துக்கொண்டான். அது தரைக்குளிரைத் தடுத்தது, காலோசையையும் அடக்கியது.

ஈரம் மிகுந்த பருவத்திற்குக் கடல்நாய்த் தோலால் ஆன காலணி உண்டு. அதன் அடிப்பகுதிக்குத் தாடிக் கடல்நாயின் தடித்த தோல் பயன்பட்டது. தோலிலே நீர் புகாது. ஆனால் ஊசி சென்ற துளையிலே புகுமே! இதற்கு அவர்கள் கண்ட வழி வியக்கத்தக்கது. ஊசி ஒரு தோலை ஊடுருவும். மற்றத் தோலின் பாதித் தடிமன் வரையே சென்று திரும்பும். எனவே உள்ளிருந்து வெளிவரை செல்லும் துளையே ஏற்படாது. நூலும் பஞ்சுநூல் அன்று. விலங்கின் தசைநாரைப் பிரித்து முறுக்கியது. நனைந்தால் அது பருத்துத் தான் சென்ற வழியை அடைத்துக்கொள்ளும்.

வேடன் வீடு திரும்பியதும் மற்றொரு வேலை தொடங்கும். காலணியை உட்புறம் வெளியாகத் திருப்பி, கொழுப்பெண்ணெய் எரியும் ‘குல்லிக்’ என்னும் கல்விளக்கின் மேலுள்ள சட்டத்தில் உலர்த்துவர். உலர்ந்து விறைத்த அடித்தோலைப் பெண்கள் பல்லால் மென்று மீண்டும் பதமாக்குவர். இவ்வேலையால் முதிய பெண்களின் பற்கள் தேய்ந்துபோயின. ஆண் கொண்டுவந்த கடல்நாய் அவன் ஈட்டித் திறத்தால் மட்டும் கிடைத்ததன்று. ஒரு தையல் பிசகியிருந்தாலும் அவன் விரல்களை இழந்திருப்பான். ஜில் ஓக்ஸ், ரிக் ரீவ் என்னும் இருவர் 1995இல் வெளியிட்ட நூலொன்று, இக்காலணிகளை இனூயிட் பெண்களின் கலை என்றே போற்றுகிறது.

பிறர் பட்டுத் தெளிந்த பாடம்

நார்வே நாட்டு ரோல்ட் அமுண்ட்சென் 1903 முதல் 1905 வரை நெட்சிலிக் மக்களுக்கு அருகில் தங்கி, தோலுடையின் நுட்பங்களைக் கற்றவர். அவருங்கூடக் காலணியில் இடறினார். தென்துருவம் நோக்கி அவர் 1911 செப்டம்பர் 8இல் புறப்பட்டபோது, குளிர் சுழிக்குக் கீழ் 50 பாகையைத் தாண்டியது. பனிச்சறுக்குக்கெனச் செய்த விறைத்த காலணிகளை அணிந்திருந்த சிலரின் குதிகால்கள் உறைந்து புண்ணாயின. குழுவினர் திரும்பிவர நேர்ந்தது. அக்காலணிகளை மீண்டும் பிரித்து, உள்ளே கூடுதல் காலுறைக்கு இடம் உண்டாகும்படி பெரிதாக்கினர். அக்டோபரில் மறுபடி புறப்பட்டு டிசம்பர் 14இல் துருவத்தை அடைந்தனர். கற்றறிந்தவர்க்கும் இறுக்கமே முதற்பகை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

ஈரத்தின் கொடுமையைக் கொரியப் போர் காட்டியது. 1950 நவம்பர், டிசம்பர் மாதங்களில் சோசின் நீர்த்தேக்கப் பகுதியில் போரிட்ட அமெரிக்கப் படையினர், ரப்பர் அடிப்பகுதியும் தோல் மேற்பகுதியும் கொண்ட பூட்ஸ் அணிந்திருந்தனர். நடக்கும்போது கால் வியர்த்தது. நின்று காவல் புரியும்போது அவ்வியர்வையே காலணிக்குள் உறைந்தது. ஆயிரக்கணக்கானோர் பனிக்கடிக்கு ஆளாயினர். அடுத்த குளிர்காலத்தில் புதுவகைப் பூட்ஸ் வழங்கப்பட்டது. இரண்டு ரப்பர்ச் சுவர்களுக்கிடையே கம்பளியை வைத்துக் காற்றும் நீரும் புகாமல் மூடியிருந்தனர். அதனுள் கால் வியர்க்கத்தான் செய்யும். ஆயினும் வியர்வை கம்பளியைச் சேராததால் வெப்பம் குன்றாது. காலுறையை மட்டும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

ஆக, ஈரத்தை வெல்ல இரு வழிகள் உள்ளன. வந்த ஈரத்தை நாள்தோறும் உலர்த்துவது ஒன்று. ஈரம் வெப்பக்காப்பை அண்டாமல் தடுப்பது மற்றொன்று. முன்னது இனூயிட் வழி. பின்னது ரப்பரின் வழி.

இன்று தேர்ந்தெடுப்போர் கவனிக்க வேண்டுவன

கனடாவிலும் அமெரிக்காவின் வடமாநிலங்களிலும் இன்றும் நவம்பர் மாதத்தில் மான் வேட்டைக்குச் செல்வோர், மரத்தில் அமைத்த பரண்களில் விடியல் முதல் அந்தி வரை அசையாது காத்திருக்கின்றனர். அவர்கள் வாங்கும் பூட்ஸில் ‘400 கிராம்’, ‘1000 கிராம்’ என்று குறிப்பு இருக்கும். அது காலணியின் எடை அன்று. உள்ளே வைத்த வெப்பக்காப்புப் பொருளில் ஒரு சதுர மீட்டரின் எடை. 400 நடப்பவர்க்கு உதவும்; கடுங்குளிரில் அமர்ந்திருப்பவர்க்கு 1000 அல்லது அதற்கு மேற்பட்டதே ஏற்றது. இத்தனை பாகைக் குளிர் வரை தாங்கும் என்று எழுதப்பட்டுள்ள எண்ணை அப்படியே நம்பலாகாது. எல்லா உற்பத்தியாளரும் ஒரே அளவுகோலைக் கொண்டு அளப்பதில்லை. நடப்பவருக்குப் பொருந்தும் எண், அசையாதவருக்குப் பொருந்துவதுமில்லை.

அளவில், வழக்கமானதைவிட அரை எண்ணோ ஓர் எண்ணோ பெரிதாக இருத்தல் நலம். காலுறையுடன் அணிந்தபின் விரல்கள் உள்ளே தாராளமாக அசைய வேண்டும். குளிருக்கு அஞ்சி மூன்று காலுறைகளைத் திணிப்போர், இரத்த ஓட்டத்தைத் தடுத்துத் தாமே குளிரை வரவழைக்கின்றனர். தடித்த கம்பளிக் காலுறை ஒன்று போதும். பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும். கம்பளி சிறிது ஈரம் உண்டாலும் வெப்பத்தைக் காக்கும். தனியே எடுத்து உலர்த்தத்தக்க கம்பளி உள்ளுறை கொண்ட பூட்ஸ் சிறந்தது. அடிப்பகுதி தடித்திருக்க வேண்டும். பரணின் தளம் இரும்பாயின், கால்கீழ் ஒரு விரிப்பு இன்றியமையாதது.

எல்லாவற்றிலும் முதன்மையானது, கனத்த பூட்ஸை அணிந்தபடியே காட்டுக்குள் நடந்து செல்லாமை. நடக்கையில் ஊறும் வியர்வை, அமர்ந்தபின் குளிராக மாறும். எனவே மெல்லிய காலணியுடன் நிதானமாக நடந்து, இடம் சேர்ந்தபின் உலர்ந்த காலுறையும் கனத்த பூட்ஸும் மாற்றிக்கொள்வதே தேர்ந்த வேடர் முறை.

இவ்வளவு செய்தும் கால் குளிரலாம். அப்போது வலி ஓர் எச்சரிக்கை. வலித்துக்கொண்டிருந்த விரலில் திடீரென வலி நின்று மரத்துப்போனால், அதைக் குணம் என்று எண்ணுவது பெருந்தவறு. உடனே வேட்டையை விட்டு எழுந்து வெப்பமான இடத்தை நாட வேண்டும். உறைந்த பாகத்தைத் தேய்ப்பதும், வெண்பனியால் உரசுவதும், நெருப்பிற் காட்டுவதும் புண்ணை மிகுவிக்கும். மீண்டும் உறையும் அச்சமில்லாத இடத்தை அடைந்தபின், 37 முதல் 39 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் அமிழ்த்துவதே இன்றைய மருத்துவர் கூறும் முறை. மருத்துவரிடம் காட்டுவதும் தவறக்கூடாது.

இன்று இனூயிட் மக்களிடையே துப்பாக்கியும் பனி வண்டியும் பரவிவிட்டன. கடையில் வாங்கும் பூட்ஸும் வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆயினும் கமிக் தைக்கும் கலையைத் தாய்மார் மகளிர்க்குக் கற்பித்து வருகின்றனர். தளர்வு, உலர்வு, தரையிலிருந்து விலக்கம் ஆகிய மூன்றையும் பௌதிக நூல்கள் பிற்காலத்தில் விளக்கின. அவற்றை ஊசியாலும் தசைநாராலும் முன்பே செய்து காட்டியவர்கள், பெயர் எழுதப்படாத அப்பெண்களே ஆவர்.