லேசா எரியுது லேசர்!

சிம்போசியத்துக்கு இன்னும் நாலே நாள். மரத்துல பேர் பொறிச்ச நூறு கீ-செயின் செஞ்சு தர்றதா ஜம்பமா ஒப்புக்கிட்டாச்சு. அஞ்சு பேர் பாக்கெட் மணி போட்டு வாங்கின '3018' ரக குட்டி சி.என்.சி. மெஷின்ல ஸ்பிண்டிலைக் கழற்றி, நீல லேசரை மாட்டினோம். ஓட விட்டா... பென்சில்ல கிறுக்கின மாதிரி வெளிறின எழுத்து!

லென்ஸைத் துடைச்சோம். ஃபோகஸ் மாத்தினோம். ப்ளைவுட்டைத் திட்டினோம். ''லேசரே டூப்ளிகேட்டுடா மச்சி, புதுசு வாங்கிடலாம்''னு ரூம்மேட் தீர்ப்பே சொல்லிட்டான். மறுபடியும் வசூலான்னு வயித்தைக் கலக்குச்சு.

அப்பதான் லேப் அண்ணன் எட்டிப் பார்த்தார். ''மல்டிமீட்டர்ல ரேஞ்ச் பார்த்துட்டுத்தானே தம்பி ரீடிங் எடுப்பே? இதுக்கு ரேஞ்ச் பார்த்தியா?''

சுரீர்னு உறைச்சது!

இந்த மெஷினோட மூளை, ஜி.ஆர்.பி.எல். என்கிற இலவச ஃபர்ம்வேர். 2009-ல் பிறந்தது. கன்சோலில் $$ என்று அடித்தால் மொத்த ஜாதகமும் வந்து விழும். (டாலர்னதும் அமெரிக்கக் கனவு வேண்டாம். அது வெறும் செட்டிங் அடையாளம்!) நமக்கு வேண்டியது மூணே வரி.

$30: முழு பவருக்கான எண். எங்க மெஷின்ல 1000. சாஃப்ட்வேர்லயோ அதிகபட்ச எஸ் மதிப்பு 255! 'முழுசா எரி'ன்னு அது 255 அனுப்ப, 'ஆயிரத்துல 255தானே'ன்னு மெஷின் கால்வாசி பவர் கொடுத்திருக்கு. ரெண்டையும் 1000 ஆக்கினோம். எழுத்து பளிச்!

$31: குறைந்தபட்ச எண். லேசருக்கு 0 இருந்தா போதும்.

$32: பவர் கூடினதும் அடுத்த வில்லங்கம்... மூலையெல்லாம் கருகல். காரணம், இது 0-வில் இருந்தது. அதாவது, 'மாட்டியிருப்பது ஸ்பிண்டில்' என்று மெஷின் நம்புகிறது. பவர் மாறும்போதெல்லாம் நின்று நின்று நகரும். நிற்கிற இடத்தில் லேசர் சும்மா இருக்குமா? சுட்டுத் தள்ளும்! 1 ஆக்கினால் நிற்காமல் ஓடும். கூடவே எம்3-க்குப் பதில் எம்4 கட்டளை கொடுத்தால், மூலையில் வேகம் குறையும்போது பவரும் தானாகக் குறையும். ஒண்ணு... $32 வேணும்னா பதிப்பு 1.1 அல்லது அதற்குப் பிந்தையது இருக்கணும்.

மறுபடி ஸ்பிண்டில் மாட்டும்போது $32-ஐ 0 ஆக்க மறந்துடாதீங்க. அது வேகம் பிடிக்கும் முன்னாடியே மெஷின் நகர்ந்து, கட்டர் உடையலாம்.

சீரியஸா ரெண்டு வார்த்தை: அந்த லேசருக்கே உரிய கண்ணாடி இல்லாம சுவிட்சைத் தொடாதீங்க. பி.வி.சி.-யை எரிச்சா வர்ற புகை விஷம். மெஷினைத் தனியா ஓட விட்டுட்டு டீ குடிக்கப் போறது... மூச்!

நூறு கீ-செயினும் முடிஞ்சது. செலவு? ஒரு பைசா இல்லை. எல்லாம் மூணு எண்ணோட விளையாட்டு.

நூத்தியோராவதா ஒண்ணு செஞ்சோம். அதுல யார் பேருன்னு நினைக்கிறீங்க? லேப் அண்ணன் பேருதான்!