மின்னழுத்தம்

நீர் மேட்டிலிருந்து பள்ளம் நோக்கிப் பாயும். மின்னூட்டத்திற்கும் அத்தகைய மேடுபள்ளம் உண்டு. அதனை மின்னழுத்தம் என்பர். மின்புலத்தில் விடப்பட்ட நேர் மின்னூட்டம் உயர் அழுத்தத்தினின்று தாழ் அழுத்தத்தை நாடும். எதிர் மின்னூட்டமுடைய எலக்ட்ரானோ தாழ்விலிருந்து உயர்வை நாடும். ஆங்கில அறிஞர் தாம்சன் 1897-இல் எலக்ட்ரானைக் கண்டறியுமுன்பே, நேர் மின்னூட்டம் செல்லும் திசையே மின்னோட்டத்தின் திசையென வகுக்கப்பட்டது. அவ்வழக்கே இன்றும் நிலவுகிறது.

திசை எதுவாயினும், அழுத்தம் வேறுபட்டாலன்றி ஓட்டம் இல்லை. மின்கம்பி ஒன்றில் அமர்ந்த காக்கையின் இரு கால்களும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் உள்ளன. ஆதலின் அதற்கு ஊறு இல்லை. தரையில் நிற்பவர் அக்கம்பியைத் தீண்டினாலோ, கம்பிக்கும் நிலத்திற்கும் உள்ள அழுத்த வேறுபாடு அவருடலின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தும், உயிரும் போகும். ஆகவே, அறுந்து வீழ்ந்த மின்கம்பியை எவரும் அணுகலாகாது.