ஒரே முகம், ஒரே விலை... ஆனால் வேறு வேறு அச்சு!

அஞ்சல்தலை சேகரிப்பு என்றதும் பறவை, பூ, விளையாட்டு என்று வண்ண வண்ணமாக வெளிவரும் நினைவு அஞ்சல்தலைகள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் தேடுவது வேறு வகை. தாய்லாந்து அஞ்சலகங்களில் அன்றாடம் விற்கப்படும், மன்னரின் முகம் மட்டுமே கொண்ட சாதாரண அஞ்சல்தலைகள். இவற்றை 'டெஃபினிட்டிவ்' என்பார்கள்.

நினைவு அஞ்சல்தலையைப் பெரும்பாலும் ஒருமுறை அச்சிடுவதோடு சரி. டெஃபினிட்டிவ் அப்படியல்ல. கையிருப்பு தீரத் தீர, அதே படத்தை அதே விலையில் மீண்டும் அச்சிடுவார்கள். இடையில் காகிதம் மாறலாம், துளையிடும் இயந்திரம் மாறலாம், அச்சகமே மாறலாம். கையில் இருப்பது எந்த அச்சில் வந்தது என்று கண்டுபிடிப்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

நமக்கும் தொடர்பு உண்டு

சயாமின் முதல் அஞ்சல்தலைகள் 1883 ஆகஸ்டு 4-ஆம் தேதி வெளிவந்தன. அச்சிட்டது லண்டனின் வாட்டர்லோ நிறுவனம். சூலாலங்கோர்ன் மன்னரின் முகம் இருந்தது. நாட்டின் பெயர் இல்லை. அப்போது பாங்காக்கிலிருந்த பிரிட்டிஷ் தூதரகம், நீரிணைக் குடியேற்றங்களின் அஞ்சல்தலைகளில் 'பி' என்ற எழுத்தை மேலச்சிட்டு விற்றது. அக்கடிதங்கள் சிங்கப்பூர் வழியாகவே உலகைச் சுற்றின. 1885 ஜூலை 1-இல் சயாம் அனைத்துலக அஞ்சல் ஒன்றியத்தில் சேர்ந்ததும் அந்தச் சேவை நின்றது.

1909-ஆம் ஆண்டின் ஆங்கிலோ-சயாம் ஒப்பந்தத்துக்கு முன்பு கெடா, கிளந்தான் அஞ்சலகங்களிலும் சயாம் அஞ்சல்தலைகள் விற்கப்பட்டன. எனவே இது ஏதோ அயல்நாட்டுக் கதை அன்று. நம் வட மாநிலங்களின் வரலாறும்கூட.

பூமிபோல் மன்னர் 1946 முதல் 2016 வரை 70 ஆண்டுகள் அரியணையில் இருந்தார். அவர் உருவம் தாங்கிய டெஃபினிட்டிவ்கள் தொடர் தொடராக வந்துகொண்டே இருந்தன. வஜிரலோங்கோர்ன் மன்னரின் முதல் தொடர் 2018 ஜூலை 28-இல் வெளியானது. சேகரிப்பாளருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை!

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் தாளின் ஓரம். முழுத் தாளின் விளிம்பில் அச்சகத்தின் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதனால் விளிம்பைக் கிழித்து எறியாதீர்கள்.

அடுத்து ஓரத் துளைகள். 2 சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளைகள் என்று எண்ண வேண்டும். இதற்கென்றே அளவுகோல் உண்டு. எண்ணிக்கை வேறுபட்டால் துளையிட்ட முறை வேறு என்பது உறுதி. எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டும் ஒரே அச்சு என்று சொல்லிவிட முடியாது.

மூன்றாவது காகிதம். புற ஊதா விளக்கின் கீழ் சில காகிதங்கள் பளிச்சென்று ஒளிரும். சில மங்கலாகவே இருக்கும். விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் படம் சிறு புள்ளிகளால் ஆனதா, செதுக்கிய கோடுகளால் ஆனதா என்பதும் தெரியும்.

கடைசியாக அஞ்சல் முத்திரை. முத்திரையில் உள்ள தேதிக்குப் பிறகு அந்த அஞ்சல்தலை அச்சாகியிருக்க முடியாது. தாய்லாந்தின் பௌத்த ஆண்டு இருந்தால் 543-ஐக் கழியுங்கள்: 2561 என்றால் 2018. பழையவற்றில் ஒரு சிக்கல் உண்டு. 1941-இல்தான் அங்கே ஜனவரி 1 புத்தாண்டானது. அதற்கு முன் ஏப்ரல் 1. ஆகவே அக்காலத்து ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தேதிகளுக்கு 542-ஐத்தான் கழிக்க வேண்டும்.

120 ரிங்கிட் கேள்வி

சென்ற ஆண்டு என் தோழி ஒருத்தி பகுதிநேர வேலையில் சேர்த்த 120 ரிங்கிட்டுடன் ஓர் அஞ்சல்தலைச் சந்தைக்கு வந்தாள். சிவப்பாக இருக்க வேண்டிய தாய்லாந்து அஞ்சல்தலைகள் இரண்டு, ஓர் உறையின் மேல் வெளிறிய இளஞ்சிவப்பில் இருந்தன. "முதல் அச்சும்மா, இந்த நிறம் கிடைக்கவே கிடைக்காது" என்றார் விற்பனையாளர்.

ஒன்றின் ஓரத்தின் மேல் மற்றொன்று சற்றே ஏறி ஒட்டப்பட்டிருந்தது. மேலே இருந்ததன் முனை பசை விட்டுத் தூக்கிக்கொண்டிருந்தது. அனுமதி கேட்டு, இடுக்கியால் அதை மெல்ல உயர்த்திப் பார்த்தோம். அடியில் மறைந்திருந்த பகுதி நல்ல அடர் சிவப்பு! வெளிச்சம் படாத இடத்தில் மட்டும் நிறம் தங்கியிருந்தது. அப்படியென்றால் அது அரிய அச்சு இல்லை, வெயிலின் கைவண்ணம். விற்பனையாளரும் குனிந்து பார்த்தார். "நான் வாங்கும்போதும் இப்படித்தான் சொன்னாங்க" என்றார் மெதுவாக. தோழி பணத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

நிறத்தை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். வெயில், ஈரம், சோப்பு நீர் எல்லாமே நிறத்தை மாற்றும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சான்றுகளாவது ஒத்துப்போக வேண்டும்.

தொடங்க விரும்பும் மாணவர்களுக்கு அதிகச் செலவில்லை. ஓர் இடுக்கி, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு துளை அளவுகோல், ஒரு பொட்டலம் பயன்படுத்திய அஞ்சல்தலைகள் போதும். ஒரே விலையுள்ளவற்றை மட்டும் பிரித்தெடுத்து அளந்து, நோட்டில் எழுதுங்கள். எதிலும் சேராதவற்றுக்கு 'உறுதியில்லை' என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். என் நோட்டில் மிக நீளமான பக்கம் அதுதான். விடுமுறை நாள்களில் நான் முதலில் திறப்பதும் அதைத்தான்.