சிங்கப்பூர் - சென்னை: தொலைவும் பொழுதும்

சென்னை எவ்வளவு தூரம் என்று சிராங்கூன் சாலையில் யாரைக் கேட்டாலும் "நான்கு மணி நேரம்" என்பார். கிலோமீட்டரில் விடை கூறுவார் அரியர். தூரத்தைப் பொழுதால் அளக்கும் இவ்வழக்கு பிழையன்று. எனினும் வகுப்பறையில் இரண்டையும் பிரித்துக் காட்டவேண்டும்.

சிங்கப்பூர் வடக்கே 1 பாகை, கிழக்கே 104 பாகை. சென்னை வடக்கே 13, கிழக்கே 80. வேறுபாடு 12-ம் 24-ம் ஆகும். பாகைக்கு 111 கிலோமீட்டர் எனக் கொண்டு, செங்கோண முக்கோணக் கணக்கால் கண்டால் 2,980 கிலோமீட்டர் வரும். உண்மைத் தொலைவு ஏறத்தாழ 2,920. தட்டைப்படக் கணக்கு இவ்வளவு நெருங்கி வருவது, இரு நகரங்களும் நிலநடுக்கோட்டை அடுத்திருப்பதால்தான். நியூயார்க்குக்கு இது செல்லாது. அந்நகர் உலகின் மறுபுறத்தில், கிட்டத்தட்ட நமக்கு நேர் எதிர்த் தீர்க்கரேகையில், வடக்கே 41 பாகையில் உள்ளது. உலக உருண்டையில் நூலைப் பிடித்துப் பார்த்தால், அது வடதுருவத்தை ஒட்டிச் செல்லும். 180-இல் 42 போக 138 பாகை, அஃதாவது சுமார் 15,300 கிலோமீட்டர். ஆயினும் இங்கிருந்து செல்லும் வானூர்தி பெரும்பாலும் பசிபிக் மாகடலின் மேல் சுற்றியே போகிறது. வழி நீளுகிறது, மேல்காற்று பின்னின்று தள்ளுவதால் பொழுது மிச்சமாகிறது.

சிறுவர் மயங்குவது கடிகாரத்தில். இங்கே காலை 10 மணிக்குப் புறப்படும் வானூர்தி சென்னை நேரம் 11.30-க்கு இறங்கும். அங்கே 10-க்குப் புறப்பட்டால் இங்கு வந்து சேர மாலை 4.30. போக ஒன்றரை மணி, வர ஆறரை மணியா? இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் நான்கு: அதுவே பயண நேரம். கழித்துப் பாதியாக்கினால் இரண்டரை: அது கடிகார வேறுபாடு. (இவ்வேறுபாடு முன்னர் இரண்டு மணியே, 1982 தொடக்கத்தில் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரைமணி முன் தள்ளியது.) போக, வரக் காற்றின் விசை சற்று மாறினாலும் பள்ளிக் கணக்குக்கு இது போதும்.

1926-இல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பலில் நம் முன்னோர் இக்கடலைக் கடக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆயிற்று. தாய் இறந்த செய்தி தந்தியில் விரைந்து வரும். மகன் போய்ச் சேர்வதற்குள் சாம்பலும் கரைத்தாகிவிடும். கொள்ளி வைக்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று இறுதிவரை புலம்பிய முதியோரைத் தோட்டங்களில் கண்டிருக்கிறேன். அவர்களுக்குத் தூரம் என்பது அந்த ஒரு வாரம்.

இன்றும் கணக்கறிந்தவனுக்கே பொழுது மிஞ்சும். மன்னார்குடிக்காரன் ஒருவனுக்குத் தேக்காவில் விடியற்காலை இழவுச்செய்தி வருகிறது என்க. திருச்சிராப்பள்ளி சென்னையைவிட 60 கிலோமீட்டர் தொலைவு மிகுதி. வானில் அது ஐந்து நிமிடம்கூட இல்லை. ஆனால் சென்னையில் இறங்கினால் ஊருக்குத் தரைவழி 300 கிலோமீட்டருக்கு மேல். திருச்சியில் இறங்கினால் தஞ்சை வழியாக 100-க்கும் குறைவு. அன்று திருச்சிக்கு வானூர்தி எப்பொழுது என்பதையே அவன் முதலில் கேட்கவேண்டும்.