டாக்டர் கூப்பிட்டா வரமாட்டார்... கிளப் கூப்பிட்டா வருவார்!

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்!" என்று தொப்பையைத் தடவிக்கொண்டே சொல்லும் ஆண்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? டயட் என்றாலே 'அதெல்லாம் பொம்பளைங்க சமாசாரம்' என்று நழுவிவிடுவார்கள். நெஞ்சு வலி வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகமே வரும்.

இந்தப் பிடிவாதக்காரர்களை மடக்க ஸ்காட்லாந்தில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அது ஆஸ்பத்திரி இல்லை... ஃபுட்பால் மைதானம்!

அங்கே ஃபுட்பால் கிளப் என்பது ஊரின் சொத்து. தாத்தா, அப்பா, பேரன் என்று தலைமுறை தலைமுறையாக ஒரே கிளப்புக்குக் கைதட்டுவார்கள். சில கிளப்புகள் பிறந்ததே தர்ம காரியத்துக்காகத்தான். கிளாஸ்கோ நகரின் 'செல்டிக்' கிளப்பையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1887-ல் பிரதர் வால்ஃப்ரிட் என்ற கிறிஸ்தவத் துறவி அதை ஆரம்பித்தது எதற்குத் தெரியுமா? நகரின் கிழக்குப் பகுதி ஏழைக் குழந்தைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் திரட்ட! அன்றைய பிரச்னை பசி. இன்றைக்கோ அதிக எடையும் அதனால் வரும் சர்க்கரை, இதய நோய்களும்.

அதனால் கிளப்புகளின் அறக்கட்டளையும் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் கைகோத்து, 2010-ல் 'ஃபுட்பால் ஃபேன்ஸ் இன் ட்ரெய்னிங்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள்.

என்ன செய்கிறார்கள்?

தொடக்கத்தில் 35 முதல் 65 வயது வரை உள்ள, பி.எம்.ஐ. 28-ஐத் தொட்ட ஆண்களைச் சேர்த்தார்கள். (ஐந்தடி ஏழு அங்குல உயரம் என்றால் சுமார் 81 கிலோ!) வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், மொத்தம் 12 வாரம். கட்டணம் கிடையாது. கிளப்பின் கோச்சே சொல்லித் தருகிறார். கொஞ்ச நேரம் சாப்பாடு, மதுப் பழக்கம் பற்றிப் பேச்சு; மீதி நேரம் உடற்பயிற்சி. தினமும் எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிக்காட்டும் ஒரு சின்னக் கருவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு, வாரா வாரம் நடையைக் கூட்ட வேண்டும். 'பட்டினி கிட' என்ற மிரட்டல் இல்லை. 'கொஞ்சமா சாப்பிடு, கூடுதலா நட' என்பதுதான் பாடம்.

கூட இருப்பவர்கள் எல்லாருமே தொப்பைக்காரர்கள், ஒரே டீமின் ரசிகர்கள். கூச்சம் எங்கிருந்து வரும்?

பலன் உண்டா?

13 கிளப்புகளில் 747 ஆண்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு உடனே பயிற்சி, மறு பாதிக்கு ஒரு வருடம் கழித்து. அந்த ஒரு வருட முடிவில் பார்த்தால், பயிற்சி பெற்றவர்களுக்குச் சராசரியாக ஏறக்குறைய 5 கிலோ அதிகம் குறைந்திருந்தது! இடுப்புச் சுற்றளவும் ரத்த அழுத்தமும்கூட இறங்கின. 2014-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளியானது. மூன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோது கொஞ்சம் எடை திரும்பியிருந்தது உண்மைதான். ஆனாலும் ஆரம்ப எடையைவிடச் சராசரியாக 2.9 கிலோ குறைவாகவே இருந்தார்கள்.

ஊருக்கு என்ன லாபம்?

மைதானமும் கோச்சும் ஏற்கெனவே இருக்கிறார்கள். புதுக் கட்டடம் வேண்டாம். சர்க்கரை, இதய நோய் என்று ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் ஆபத்து குறைகிறது. அப்பாவின் தட்டு மாறினால் வீட்டுச் சமையலும் மாறும், குழந்தைகளும் கற்றுக்கொள்வார்கள். பிறகு பெண்களுக்கும் தனி வகுப்புகள் வந்தன.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டு மனிதரைத் திட்டியோ பயமுறுத்தியோ மாற்ற முடியாது. அவர் யாரோடு, எந்த இடத்தில் சந்தோஷமாக இருக்கிறார் என்று பாருங்கள். நடைப்பயிற்சியை அங்கிருந்து ஆரம்பியுங்கள். ஏற்கெனவே பி.பி., இதயக் கோளாறு இருந்தால் மட்டும், முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்!